என்96: இரண்டு கர்ப்பங்களுக்கு நடுவே

சென்னை பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது அமெரிக்காவில் முந்தைய நாள் இரவு. அங்கே மருத்துவர்கள் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்து எழுதிய குறிப்புகள் இங்கே திரையில் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது மெடிக்கல் கோடர்களின் வேலை. குறியீடு சரியாக இருந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும். பிசகினால் 'டினையல்' என்று திரும்பி வரும். தாவரவியல், உயிர்வேதியியல், நர்சிங் படித்த ஏராளமான தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கிறார்கள். நோயாளியின் குறிப்பை அவர்கள் 'சார்ட்' என்பார்கள்.

அப்படி ஒரு சார்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். வயது 31. எட்டு வாரக் கர்ப்பம். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் மிகவும் பயந்து போயிருக்கிறார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். ஓரத்தில் 'ஜி3 பி0020' என்று ஒரு குறிப்பு. ஜி3 என்றால் இது மூன்றாவது கர்ப்பம். பி-க்குப் பின்னால் உள்ள நான்கு இலக்கங்கள் முறையே நிறைமாதப் பிரசவம், குறைமாதப் பிரசவம், கலைந்தவை, இன்று உயிரோடிருக்கும் பிள்ளைகள். நான்கில் மூன்று பூஜ்யம். மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு 2. இரண்டு முறை நாள் தள்ளிப்போய், இரண்டு முறை ஸ்கேன் அறையில் டாக்டர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்கள் அந்த ஒற்றை இலக்கத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

கர்ப்பம் தொடர்ந்து கலையும் பெண் இப்போது கர்ப்பமாக இருந்தால் அமெரிக்காவில் போட வேண்டிய குறியீடு ஓ26.2. முதல் மூன்று மாதம் என்றால் ஓ26.21, எத்தனையாவது வாரம் என்று சொல்ல கூடவே இசட்3ஏ.08. அதே பெண் கர்ப்பமாக இல்லாதபோது மருத்துவரைப் பார்க்க வந்தால் குறியீடு என்96. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. இதெல்லாம் கோடருக்கு மனப்பாடம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'தொடர் கருச்சிதைவு' என்ற சொல்லை மருத்துவர் எங்கேயும் எழுதவில்லை. இரண்டு என்று எண்ணிப் பார்த்து நோயின் பெயரைத் தானே முடிவு செய்யக் கோடருக்கு அனுமதி இல்லை. புறநோயாளிக் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியிருப்பதை உறுதியான நோயாகக் குறிக்கவும் கூடாது. மருத்துவர் கண்டறிந்து எழுதியதற்கு மட்டுமே குறியீடு. எனவே மருத்துவருக்கு ஒரு 'குவெரி' போகிறது. இதுதானே உங்கள் முடிவு என்று பதிலை எடுத்துக் கொடுக்காமல், இந்த முந்தைய இழப்புகளுக்கு மருத்துவரீதியாக ஏதேனும் பொருள் உண்டா என்று மட்டும் கேட்க வேண்டும்.

கேள்வி ஒரு வரிதான். ஆனால் அதற்குள் இருப்பது மகப்பேறு மருத்துவம் இன்றுவரை ஒரே குரலில் பதில் சொல்லாத கேள்வி: 'தொடர்' என்று சொல்ல எத்தனை இழப்பு வேண்டும்?

அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இரண்டு என்கிறது. ஐரோப்பியச் சங்கமான எஷ்ரேயும் 2017-இல் இரண்டு என்று அறிவித்தது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் மூன்று என்பதை விடவில்லை. ஆனால் மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தளர்த்தி, இரண்டிலேயே ஏதோ காரணம் இருப்பதாக மருத்துவருக்குத் தோன்றினால் பரிசோதிக்கலாம் என்று வழிவிட்டது. ஒரே பெண் நியூயார்க்கில் நோயாளி. லண்டனில், அடுத்த முறை சரியாகிவிடும் என்று அனுப்பிவைக்கப்படக் கூடியவர்.

மூன்று என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. மருத்துவர்கள் உறுதி செய்த கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் கலைகின்றன. வெறும் தற்செயல் என்றால் மூன்று முறை அடுத்தடுத்து நிகழ்வதற்கான வாய்ப்பு 0.15-ஐ மூன்று முறை பெருக்கிக் கிடைப்பது: 0.34 சதவீதம். உண்மையில் காணப்படுவதோ சுமார் 1 சதவீதம். ஆகவே மூன்று முறை இழந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குத் துரதிர்ஷ்டத்தைத் தாண்டி ஏதோ காரணம் இருக்கிறது. மீதிப் பேருக்கு அது துரதிர்ஷ்டம்தான். இருவரையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. பரிசோதனையே அந்தப் பிரிக்கும் வேலைதான்.

எண்ணைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1938-இல் பெர்சி மல்பாஸ் என்ற பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர், மூன்று முறை கலைந்த பெண்ணுக்கு நான்காவது முறையும் கலைவதற்கான வாய்ப்பு 73 சதவீதம் என்று எழுதினார். பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டதல்ல அது. சில அனுமானங்களை வைத்துத் தாளில் போட்ட கணக்கு. அந்த எண்ணை மருத்துவ உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது. நான்கில் மூன்று பேருக்குக் கலையும் என்று நம்பிவிட்டால், எந்த மருந்தைக் கொடுத்து நூற்றுக்கு எழுபது பேர் பிள்ளை பெற்றாலும் அந்த மருந்து அற்புதமாகத்தானே தெரியும்? மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் கிட்டத்தட்ட அத்தனை பேர் பெற்றிருப்பார்கள் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் புகுந்தது அந்த இடைவெளியில்தான். சுருக்கமாக டிஇஎஸ். பாஸ்டனைச் சேர்ந்த ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் தம்பதி 1940-களில் இதைக் கருவைக் காக்கும் மருந்தாக முன்வைத்தார்கள். 1953-இல் சிகாகோவில் வில்லியம் டீக்மன் குழு, 1,600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டிஇஎஸ்ஸும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. பலன் ஏதுமில்லை என்று முடிவு வந்தது. அதன் பிறகும் மருந்துச் சீட்டுகள் நிற்கவில்லை. 1971-இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சக மருத்துவர்களும், 15 முதல் 22 வயதுக்குட்பட்ட எட்டு இளம்பெண்களுக்கு வந்த அரிய பிறப்புறுப்புப் புற்றுநோயைப் பற்றி எழுதினார்கள். எட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் டிஇஎஸ் சாப்பிட்டிருந்தார்கள். அந்த ஆண்டே அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. தாயின் வயிற்றில் டிஇஎஸ்ஸுக்கு ஆளான மகள்கள் பலருக்குக் கர்ப்பப்பையின் வடிவமே மாறியிருந்தது. அவர்களுக்கும் கர்ப்பம் கலையும் ஆபத்து கூடியிருந்தது. கலையாமல் இருக்க வேண்டும் என்று கொடுத்த மருந்து இது.

சரியான எண் எவ்வளவு? கனடாவின் மான்ட்ரியாலில் டோரதி வார்பர்டனும் கிளார்க் ஃப்ரேசரும் குடும்பங்களின் உண்மையான கர்ப்ப வரலாறுகளைத் திரட்டி 1964-இல் வெளியிட்டார்கள். முந்தைய இழப்புகள் இருந்த பெண்களுக்கு அடுத்ததும் கலையும் வாய்ப்பு ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதமே. தாயின் வயதும் இதை மாற்றுகிறது. டென்மார்க்கின் பெரிய ஆய்வொன்றில் கர்ப்பம் கலையும் வாய்ப்பு 20-24 வயதில் 9 சதவீதத்தை ஒட்டியும், 45-க்கு மேல் 75 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. 73 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள தூரம், ஒரு பெண் அடுத்த கர்ப்பத்தின் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிக்கிறாள் என்பதையே மாற்றிவிடும்.

குறியீட்டுக்குத் திரும்புவோம். நோய்களுக்கு எண்ணிடும் உலகப் பட்டியலின் வேர் 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்திய்யோன் சிகாகோ மாநாட்டில் வைத்த மரணக் காரணங்களின் பட்டியல். செத்தவர்களை எண்ணப் பிறந்தது அது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கையிலெடுத்தபோதுதான் உயிரோடிருப்பவர்களின் நோய்களும் உள்ளே வந்தன. பத்தாவது திருத்தமான ஐசிடி-10 தொடர் கருச்சிதைவைச் சிறுநீரக, பிறப்புறுப்பு நோய்களின் அத்தியாயத்தில், பெண்ணுறுப்புக் கோளாறுகளின் கூட்டத்தில் வைத்து என்96 என்று எண்ணிட்டது. அதற்குக் கொடுத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வழக்கமாகக் கருக்கலைப்பவள்'.

அந்தப் பெயர் செய்யும் அநியாயம் தமிழ் பேசுபவர்களுக்கு உடனே உறைக்கும். நம் வீடுகளில் 'கலைஞ்சிடுச்சு' என்பதும் 'கலைச்சுட்டாங்க' என்பதும் வேறு வேறு. ஒன்று தானாக நடந்தது, மற்றது ஒருவர் செய்தது. வினைச்சொல்லிலேயே நம் மொழி இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிவிடுகிறது. ஆங்கில மருத்துவமோ இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் 'வழக்கமாக' என்பதையும் ஏற்றியது. பெண்கள் இது வலிக்கிறது என்று சொன்ன பிறகு, 1985-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் லான்செட் இதழில் எழுதி, தானாகக் கலைவதற்குத் தனிச் சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்கா தன் பதிப்பில் என்96-இன் பெயரைத் 'தொடர் கர்ப்ப இழப்பு' என்று மாற்றிவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 உலகுக்கே அந்தப் பெயரை வைத்தது.

ஆனால் வினைச்சொல்லில் நேர்மையாக இருக்கும் நம் ஊர், பெயர் சூட்டுவதில் ஒன்றும் குறைந்ததில்லை. 'கரு தங்காத வயிறு' என்ற பேச்சைக் கேட்காத கிராமம் உண்டா? அதுவும் காரணத்தைப் பெண்ணின் உடம்பில் கட்டிப் போடும் பெயர்தான். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ 'பிஓஎச்' என்று மூன்றெழுத்தில் எழுதுவார்கள். மோசமான மகப்பேறு வரலாறு என்பதன் சுருக்கம். எட்டாவது வாரத்தில் கலைந்தது, ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது, பிறந்து மூன்றாம் நாள் இறந்தது எல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் ஒன்றாகப் போய்விடும். இவை மூன்றுக்கும் காரணங்கள் வேறு, பரிசோதனைகள் வேறு. எந்த வாரத்தில் நின்றது, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, கரு உருவானதா வெறும் பையா என்பதுதான் கண்டறிதலின் முதல் படி. பிஓஎச் என்று எழுதிய கணத்தில் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

அந்தச் சீட்டோடு வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் பரிசோதனை டார்ச். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றுக்கான எதிர்ப்புப் பொருள்களை ரத்தத்தில் தேடுவார்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால் குடும்பமே கலங்கிவிடும். என்றோ ஒருநாள் அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது, உடம்பு அதைத் தெரிந்து வைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு சைட்டோமெகலோ ஐஜிஜி நம் நாட்டில் பாசிட்டிவாகவே இருக்கும். ஒருமுறை வந்த தொற்று ஒரு கர்ப்பத்தைப் பாதிக்கலாம். அடுத்தடுத்து மூன்று கர்ப்பங்களைக் கலைக்காது. தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் பயன்படாது என்று பிரிட்டனின் ராயல் கல்லூரி இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலாவது, கலைந்து வந்த திசுவையே கேட்பது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. பதினாறாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது அவற்றில் மிகவும் பரவலான டிரைசோமி. அப்படிப்பட்ட கரு வளர்ந்து பிறக்கவே முடியாது. மாடிப்படி ஏறியது, பப்பாளி சாப்பிட்டது, வண்டியில் போனது எதுவும் காரணமல்ல. கரு உண்டான நாளிலேயே நடந்துவிட்ட பிழை அது. இதைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கக் கூடிய ஒரே பரிசோதனை திசுவின் குரோமோசோம் ஆய்வு. அதற்குத் திசு போக வேண்டியது சலைன் உள்ள, கிருமி நீக்கிய பாட்டிலில். பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி அறையில் எந்த பாட்டில் எடுத்து வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, அந்தப் பெண் ஆயுளுக்கும் சுமக்கப் போகும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும், அல்லது கிடைக்காமல் போகும்.

இரண்டாவது, தம்பதி இருவரின் கேரியோடைப், அதாவது அவர்கள் ரத்தத்தில் குரோமோசோம்களைப் பார்ப்பது. தொடர் இழப்புள்ள தம்பதிகளில் 2 முதல் 5 சதவீதத்தினரில், இருவரில் ஒருவருக்குச் சமநிலை இடமாற்றம், அதாவது இரு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்ட நிலை, இருக்கும். இருபத்து மூன்று தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பிரதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். பைண்டிங் செய்தவர் நான்காம் தொகுதியின் ஒரு பிரதியிலிருந்த சில பக்கங்களை ஒன்பதாம் தொகுதியின் ஒரு பிரதியிலும், அதன் பக்கங்களை இதிலுமாக மாற்றித் தைத்துவிட்டார். மொத்த அலமாரியில் ஒரு பக்கமும் குறையவில்லை. அதனால் அந்த மனிதர் ஆரோக்கியமாக இருக்கிறார். ஆனால் பிள்ளைக்கு ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிரதியை மட்டும் எடுத்துக் கொடுக்கும்போது, மாற்றித் தைத்த நான்கையும் ஒழுங்கான ஒன்பதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சில பக்கங்கள் இரட்டிப்பாகும், சில இல்லாமலே போகும். இந்த அலமாரி கணவனுடையதாகவும் இருக்கலாம். தங்காதது வயிறு என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்போது காரணம் அவன் ரத்தத்தில் இருக்கும். இது தெரிந்த பிறகும், இயல்பாகவே கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றுக்கொள்ளும் தம்பதிகள் பலர்.

மூன்றாவதுதான் மருத்துவத்தால் உறுதியாக உதவ முடிகிற இடம். 1983-இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம். உடம்பு தன் செல்சவ்வுகளோடு ஒட்டிக்கிடக்கும் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது. அவை ரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்பதில்லை, நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவரில் வேர்விடுவதையும் தடுக்கின்றன. தொடர் கருச்சிதைவு உள்ள பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினரிடம் இந்த ஆன்டிபாடிகள் காணப்படுகின்றன. 1997-இல் ராஜ் ராய், லெஸ்லி ரீகன் குழு லண்டனில் இப்படிப்பட்ட 90 பெண்களிடம் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேர் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 71 சதவீதம்.

ஆனால் இந்த நோயை ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடியாது. சாதாரண வைரஸ் காய்ச்சல்கூட இந்த ஆன்டிபாடிகளைக் கொஞ்ச நாளைக்கு ஏற்றிவிடும். ஆகவே லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடி மூன்றையும் பார்த்து, பாசிட்டிவானதைக் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் இருந்தால்தான் டி68.61 என்ற குறியீடு. பன்னிரண்டு வாரம் என்பது சின்ன இடைவெளி அல்ல. எட்டு வாரக் கர்ப்பத்தோடு வந்த நம் முதல் சார்ட்டுப் பெண்ணுக்கு இன்று முதல் ரத்தம் எடுத்தால், இரண்டாவது ரத்தம் இருபதாவது வாரத்தில். உதவி தேவைப்படும் காலம் அதற்குள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

என்96 என்ற குறியீட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கானது. ஒரு கர்ப்பம் முடிந்து அடுத்தது தொடங்காத அந்த நடுக்காலத்தில்தான் ஆன்டிபாடியை இரண்டு முறை பார்க்கலாம், முப்பரிமாண ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று தேடலாம், தைராய்டையும் சர்க்கரையையும் சீராக்கலாம். நம் வீடுகளில் அந்தக் காலத்தைத்தான் பேசாமல் கடத்துகிறோம். 'அடுத்தது நிக்கும், எதுக்கு ஆஸ்பத்திரி' என்று மாமியார் ஆறுதலாகச் சொல்வார். பெண்ணும் மறுபடி நாள் தள்ளிய பிறகுதான் டாக்டரிடம் போவாள்.

எல்லாம் பார்த்த பிறகும் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்குக் காரணம் எதுவும் அகப்படாது. மருந்து எழுதிக் கொடுக்கும் ஆசை டாக்டருக்கும், கேட்டு வாங்கும் தவிப்பு குடும்பத்துக்கும் அப்போதுதான் அதிகம். 2015-இல் வெளியான புராமிஸ் ஆய்வில் காரணம் தெரியாத தொடர் இழப்பு உள்ள 836 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். புரோஜெஸ்டரோன் பெற்றவர்களில் 65.8 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 63.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அந்த வித்தியாசம் தற்செயலைத் தாண்டவில்லை. ஆனால் அந்த 63.3-ஐ இன்னொரு முறை பாருங்கள். மருந்தில்லாமலே மூன்றில் ஏறக்குறைய இரண்டு பேர் தாயாகியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 987 பெண்களைப் பின்தொடர்ந்ததிலும், முதல் ஆலோசனைக்குப் பிந்தைய ஐந்தாண்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தை பிறந்திருந்தது. காரணம் தெரியவில்லை என்ற விடை கைவிரிப்பு அல்ல என்பதைத் தாளில் எழுதி, அந்த எண்ணோடு சேர்த்து, தம்பதி கையில் கொடுக்க வேண்டும்.

முதல் சார்ட்டின் குவெரிக்கு மறுநாள் பதில் வந்ததாகவே வைத்துக்கொள்வோம்: ஆம், தொடர் கர்ப்ப இழப்பு. கோடர் ஓ26.21 போட்டு முடிக்கிறார். அடுத்த சார்ட் திறக்கிறது. இந்தப் பெண்ணுக்கும் இரண்டு இழப்பு, ஆனால் இப்போது கர்ப்பம் இல்லை; மருத்துவர் நோயின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறார். என்96. ஆன்டிபாடி மூன்றுக்கும் இன்று ரத்தம் எடுத்தாயிற்று, பன்னிரண்டு வாரம் தள்ளி அடுத்த தேதி குறித்திருக்கிறார்கள். அதே நாளில், அதே குடும்பப் பெயரில், இன்னொரு சார்ட்டும் வரிசையில் இருக்கிறது. ஆண். கேரியோடைப் பரிசோதனை. அவருக்கும் பட்டியலில் ஓர் எண் உண்டு: இசட்31.441, தொடர் கர்ப்ப இழப்புள்ள பெண்ணின் துணைவருக்கான பரிசோதனை.